குமாரபாளையத்திலிருந்து வந்த டிஸ்க்

ராசிபுரம்
7 ஜூலை 2025

அன்புள்ள அகல்யாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் நம்பரையும் உன் அண்ணன் நம்பரையும் நீ போனில் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியதாகிவிட்டது. விலாசத்தை உன் தோழி ஜெயப்பிரியாவிடம் கெஞ்சி வாங்கினேன். அவளைத் திட்டாதே. மேட்டூரில் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்றும் சொன்னாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ராத்திரி பட்டினி கிடக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைதோறும் குமாரபாளையம் தறிக்கூடத்திலிருந்து சித்தப்பா டிஸ்க்கை பஸ்ஸில் கொடுத்தனுப்புவாரே, இந்த வாரமும் வந்தது. வழக்கம்போல நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, மவுண்ட் கட்டளை கொடுத்து இணைத்து, கோப்புகளைத் திறந்தேன். புதிதாக ஒரு டிசைன் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை தேதி. உரிமையாளர் என்ற இடத்தில் 'அகல்யா' என்று உன் பெயர், பக்கத்தில் நம் டிசைன் குழுவின் பெயர்.

நீ வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்போதும் குமாரபாளையம் கம்ப்யூட்டருக்குள் யாராவது உன்னை விடுகிறார்களா?

மாங்காய் பார்டரோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். சென்னைக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட டிசைனை, அதற்கப்புறம் யாரோ திறந்து மாற்றியதில் மாங்காயின் நுனி வெட்டுப்பட்டுப் போனது. லாட் முழுக்க மொட்டை மாங்காயாகவே நெய்து அனுப்பி, அவர் அப்படியே திருப்பிவிட்டார். மாற்றிய கோப்பில் உன் பெயர் இருந்தது. தறியில் முதல் சேலை ஏறுவதைப் பார்க்கிறேன் என்று அன்றைக்கு நீ குமாரபாளையம்தான் போயிருந்தாய். அந்தப் பெயரை உன் அண்ணனுக்குக் காட்டியது நான்தான், மறுக்கவில்லை. அவர் ஆட்கள் முன்னால் அப்படிக் கத்துவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இந்தப் புதுக் கோப்பைப் பற்றி அவருக்கு இன்னும் சொல்லவில்லை. கோபத்தில் எதையாவது செய்து மாட்டிக்கொள்ளாதே சாமி. நிறுத்திவிடு. நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன்.

உன் அண்ணி,
சாரதாமணி

●

மேட்டூர்
10 ஜூலை 2025

அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டலில் பாதி நாள் அணை மீன்தான். எனக்கோ அந்த வாடையே ஆகாது. இப்போதைக்கு என் வாழ்க்கையில் இருக்கும் குறை அது ஒன்றுதான். திருட்டுத்தனமாகக் குமாரபாளையம் போய் டிசைன் மாற்றிவிட்டு வருமளவுக்கு எனக்கு லீவு கிடையாது.

நன்றாகத்தான் இருக்கிறது உங்கள் அன்பு! "நிறுத்திவிடு, நான் சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். திருடியை மன்னித்து விடுகிற மாதிரி. கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணில் பட்டது. அன்றைக்கு நாள் முழுக்க இங்கே எங்கள் டிராயிங் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் உஷாராணி அக்கா. எங்கள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

கடிதத்தை அவரிடமே காட்டினேன். படித்துவிட்டுச் சிரிக்கிறார். "ஏங்கண்ணு, டிஸ்க்குல பேரு எங்க இருக்குது? நம்பருதான் இருக்கும்" என்றார்.

எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். நீங்கள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவர், நான் டிசைன் வரைகிறவள், பொறுத்துக்கொள்ளுங்கள். கோப்பை எழுதியது யார் என்று டிஸ்க் ஒரு நம்பரை மட்டும்தான் வைத்திருக்குமாம். அந்த நம்பருக்கு என்ன பெயர் என்பதை, எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறோமோ அது தன் பட்டியலைப் பார்த்துச் சொல்லுமாம். ராசிபுரம் டாக்டரிடம் வாங்கிய டோக்கனை மேட்டூர் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினால், இங்கே அந்த நம்பரில் இருப்பவர் பெயரைத்தானே கூப்பிடுவார்கள்? குழுவுக்கும் இதே கதைதான். இங்கே மூன்று பிளான்ட்டிலிருந்து டிஸ்க் வருகிறது. மவுண்ட் செய்யும்போதே "அந்த ஊர் இன்ன நம்பர் என்றால் இங்கே இன்னார்" என்று பொருத்திச் சொல்லிவிடுகிறார்கள். நம் ஆபீஸில் அப்படி எதுவும் செய்கிறீர்களா? சும்மா மாட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

நம் கம்ப்யூட்டரில் மூன்று பேர். அண்ணன் 1000, நீங்கள் 1001, நான் 1002. குமாரபாளையத்திலும் 1002 என்று ஒருவர் இருப்பார் இல்லையா? அவர் எதை எழுதினாலும் ராசிபுரத்தில் அது அகல்யாதான்.

"எங்கூட்டுக் கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுடி, நீதான் சொல்ற." அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எரிகிறது அண்ணி. இதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். எனக்கு என் பெயர் திரும்ப வேண்டும்.

அகல்யா

●

ராசிபுரம்
14 ஜூலை 2025

அகல்யா கண்ணு,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அடுப்பெல்லாம் பால்.

நீ சொன்னது அத்தனையும் நிஜம். பெயரை விட்டுவிட்டு நம்பரை மட்டும் காட்டச் சொன்னேன். மொட்டை மாங்காய்க் கோப்பு 1002. புதுக் கோப்பும் 1002. அதைவிடக் கொடுமை ஒன்று. அதே டிஸ்க்கில் என் பெயரில் நிறையக் கோப்புகள் கிடக்கின்றன. நூல் இருப்பு, சாயக்காரருக்கு அனுப்பிய விவரம் என்று, என் கை படாத சங்கதிகள். 1001 அல்லவா நான்! இத்தனை நாள் என் பெயரைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். உன் பெயரைக் கண்டதும் மட்டும் ஓடிப்போய்க் காட்டினேன். என்னை என்ன செய்யலாம், சொல்.

ஆளையும் கண்டுபிடித்துவிட்டேன். குமாரபாளையத்திலும் மூன்று பேர்தான் கம்ப்யூட்டரில் உட்காருவது. நம் குடும்பத்தில் எதுவானாலும் பெரியவரிலிருந்து தொடங்கும். அப்படியானால் சித்தப்பா 1000, அவருக்கடுத்துச் சேர்ந்த என் தம்பி ஈஸ்வர் 1001, கடைசியாக வந்த தமிழரசு 1002. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். தமிழரசு "நான் தொடவே இல்லீங்க" என்று அழுதானாம். சித்தப்பா நம்பவில்லை. விசாரித்து முடிக்கும்வரை வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்.

உன் அண்ணன் சரக்கு ஏற்றும் லாரி செட்டு விஷயமாக நாமக்கல் போயிருக்கிறார். வந்ததும் சொல்கிறேன். மனசு லேசாக இருக்கிறது.

அண்ணி

●

மேட்டூர்
17 ஜூலை 2025

அண்ணி,

எனக்குச் செய்ததையே இன்னொரு ஆளுக்கும் செய்துவிட்டு மனசு லேசாக இருக்கிறது என்று எழுதுகிறீர்களே! அந்தக் கம்ப்யூட்டரின் பட்டியலைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. வயசு வரிசையில் விரல் விட்டு எண்ணியிருக்கிறீர்கள். பந்தியா போடுகிறோம், பெரியவர் முதலில் உட்கார?

தமிழரசு அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும்தான் அழுதேன். என்னையும் யாரும் நம்பவில்லை.

உஷாராணி அக்கா ஒன்று கேட்கச் சொன்னார். அந்த டிஸ்க்கில் பெயரே இல்லாமல் வெறும் நம்பராக ஏதாவது தெரிகிறதா? நம் பட்டியலில் இல்லாத நம்பர் என்றால் அப்படித்தான் தெரியுமாம். 1003 என்று எங்காவது இருந்தால் குமாரபாளையத்தில் நான்காவதாக ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் கணக்கு அதோடு காலி.

போனில் கேட்காதீர்கள். நேரில் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தானே.

கோபமாக எழுதிவிட்டேன். ஆனாலும் அடித்துவிட்டு வேறு எழுதப் போவதில்லை.

அகல்யா

●

ராசிபுரம்
23 ஜூலை 2025

அன்புள்ள அகல்யா,

மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

1003 இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஏகப்பட்டது. ஏதோ கெட்டுப்போன கோப்பு என்று இத்தனை நாள் நான் ஒதுக்கித் தள்ளியவை. திங்கட்கிழமை குமாரபாளையம் போனேன். சித்தப்பாவிடம் சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர் என்ன தெரியுமா? அம்மன்.

சிரிக்காதே. 1000 என்பது நம் குலதெய்வம். சித்தப்பாவைக் கேட்டேன். "ஏம்மா, புது மிசினு வாங்குனா மொதல்ல சாமி பேரைப் போடாம மனுசன் பேரையா போடுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பூஜை போட்டு, சந்தனம் வைத்து, அம்மன் பெயரில் முதல் கணக்கைத் திறந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அம்மன் இதுவரை ஒரு கோப்பும் எழுதியதில்லை. ஆனால் எல்லோரையும் ஒரு படி கீழே தள்ளி உட்கார வைத்துவிட்டாள். சித்தப்பா 1001. தமிழரசு 1003.

1002 ஈஸ்வர்.

என் தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். சித்தப்பாவிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான். பொங்கலுக்கு வந்தபோது சித்தப்பா, "உன் தம்பி பண்ற டிசைனெல்லாம் சும்மா அள்ளுது" என்று சொல்லிவிட்டுப் போனார். இவனுக்கு எப்போது வரைய வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் பெருமையாக இருந்ததால் விட்டுவிட்டேன். நாம் அனுப்பும் டிஸ்க்கில் உன் 1002 அங்கே அவனாகத் தெரிந்திருக்கிறது. நீ வரைந்ததற்கு அவன் பாராட்டு வாங்கியிருக்கிறான். அவன் வெட்டியதற்கு நீ வசவு வாங்கியிருக்கிறாய்.

அவனை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, அந்தத் தறியில பார்டருக்கு நூலத் தூக்குற கொக்கி பத்தலைக்கா. டிசைனு அகலமா இருந்துச்சு. ஓரத்துல கொஞ்சம் நறுக்கிச் சேவ் பண்ணுனேன். யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன்."

"அகல்யா மேல பழி வந்தப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"கம்ப்யூட்டரே அவங்க பேரத்தான சொல்லுது? நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

அறைந்துவிட்டேன். நடுத்தெருவில். அப்புறம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அவன் மோசக்காரன் இல்லை அகல்யா, கோழை. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் அவனை நிற்க வைத்துக்கூடப் பேச மாட்டார், துரத்திவிடுவார். உன் அண்ணனுக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் என் பிறந்தவீடு என்றைக்கும் தலை நிமிராது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

சாரதாமணி

●

மேட்டூர்
26 ஜூலை 2025

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். அப்பாடா, நான் இல்லை என்று ஒரு ஆளாவது ஒப்புக்கொண்டார்கள் என்று இருந்தது. டீக்கடையில் நீங்கள் அறைந்த இடம் வந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஈஸ்வர் அந்த அறையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப வேலைக்குள் போயிருப்பான்?

என்னைக் கேட்கிறீர்கள். என்னைக் கேட்காதீர்கள் அண்ணி. நான் சொல்லச் சொன்னால் காலம் முழுக்க "அகல்யா சொன்னதால் என் தம்பியைக் காட்டிக் கொடுத்தேன்" என்று உங்களுக்குள் இருக்கும். சொல்ல வேண்டாம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். எனக்காவது மேட்டூர் கிடைத்தது. தமிழரசு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் உங்களுக்குச் சொந்தமும் இல்லை, எனக்குச் சொந்தமும் இல்லை. அவருக்காக யார் கடிதம் எழுதுவார்கள்?

ஈஸ்வரை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். கொக்கி பத்தவில்லை என்றால் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் சின்னதாக்கித் தருவேன். மாங்காயை மொட்டையடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அகல்யா

●

ராசிபுரம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அகல்யா,

சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ எழுதிய மாதிரி செய்தேன். நம் கம்ப்யூட்டரில் சித்தப்பாவுக்கும் ஈஸ்வருக்கும் தமிழரசுவுக்கும் புதிதாகக் கணக்குத் திறந்தேன். அவர்கள் தறிக்குழுவுக்கும் தனியாக ஒன்று. அப்புறம் மவுண்ட் செய்யும் கட்டளையில், குமாரபாளையத்து இன்ன நம்பர் இங்கே இன்னார் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். 1002 வந்தபோது கை நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் யாரை எழுதினாலும் கம்ப்யூட்டர் ஏனென்று கேட்காது. அம்மன் பெயரை எழுதினால் அம்மன்தான் மாங்காயை வெட்டினாள் என்று காட்டும். தமிழரசு என்று எழுதினால் அவன்தான். ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டவன், யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நினைப்பும் எனக்கு வந்தது. வந்ததை உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு ஈஸ்வர் என்று எழுதினேன்.

உன் அண்ணன் மறுபடி நாமக்கல் போய் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கூப்பிட்டு உட்கார வைத்தேன். "மாங்கா பார்டரு மாத்துனது யாருன்னு நீங்களே படிங்க" என்றேன். "அதான் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். படித்தார். மறுபடி படித்தார். "இது உன்ற தம்பி பேரல்ல?" என்றார். ஆமாங்க என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போனவர் வெகுநேரம் வரவில்லை. சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது.

சித்தப்பாவிடமும் போனில் சொன்னேன். அவரே தமிழரசு வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டி வந்தாராம். ஈஸ்வரை ஆட்கள் முன்னால் நிறுத்தி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். நீ சொன்னதைச் சொன்னேன், அதனால் வேலை தப்பியது. தறியில்தான் இப்போது, கம்ப்யூட்டர் பக்கம் வரக்கூடாதாம். என்னோடு அவன் பேசுவதில்லை. பேசுவான், எங்கே போய்விடுவான்.

உன் அண்ணன் உனக்குப் போன் செய்கிறேன் என்றார். தடுத்து வைத்திருப்பதை எடுத்துவிடு.

அண்ணி

●

மேட்டூர்
6 ஆகஸ்ட் 2025

அண்ணி,

தடுப்பை எடுத்தேன். அண்ணன் கூப்பிட்டான்.

என்ன சொன்னான் தெரியுமா? "கம்ப்யூட்டரு தப்பாக் காட்டிருச்சு கண்ணு. உடு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்துரு, வேல நெறையக் கெடக்குது." அவ்வளவுதான். மழை பெய்ததா, அணையில் தண்ணீர் எவ்வளவு என்று வேறு கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன். மறுபடி தடுத்தும் விட்டேன்.

கம்ப்யூட்டர் எங்கே தப்பாகக் காட்டியது? அது தன்னிடம் இருந்த நம்பரைக் காட்டியது. அதற்கு அகல்யா யார், ஈஸ்வர் யார் என்று தெரியுமா? தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும். அப்பா போன பிறகு அவன் தோளில் உட்கார்ந்துதான் தேர் பார்த்தேன். நான் ஒரு டிசைனைத் தொட்டுவிட்டுத் தொடவில்லை என்று சொல்கிறவளா? அதை அவன் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டாமா? ஆட்கள் முன்னால் என்னைப் பொய்க்காரி என்று சொன்னது கம்ப்யூட்டர் இல்லை அண்ணி.

நீங்கள் உங்கள் தம்பியின் பெயரை உங்கள் கையாலேயே எழுதினீர்கள். அதை நினைத்து நினைத்து அழுதேன். உங்கள் மேல் எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை. வீட்டுக்கு வர ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் "கம்ப்யூட்டர் தப்பு" என்ற பேச்சுக்கு நான் வர மாட்டேன். அதற்கு இந்த மீன் வாடையே மேல்.

அகல்யா

●

ராசிபுரம்
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அகல்யா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இதை உன் கையில் கொடுப்பவர் உன் அண்ணன்.

நீ எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். தேர் பார்த்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. கடைசி வரை வாசித்தேன். இன்றைக்கு விடியும் முன்பே குளித்துவிட்டு வந்து, "மேட்டூருக்கு எங்க பஸ்ஸு மாறணும்?" என்று கேட்டார். சேலத்தில் மாற வேண்டும் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதாம்! போய் என்ன சொல்வீர்கள் என்றேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று முறைத்தார். அதனால் அவருக்குத் தெரியாமல் இதை எழுதி, ஒட்டி, நீ ஹாஸ்டலிலிருந்து வெளியே வரப் பாஸ் வாங்கத் தேவைப்படும் கடிதம், உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணனை எனக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டு வெயிலைப் பற்றிப் பேசுவார். பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார். பேசட்டும். நீ பதில் சொல்லாதே. "தப்பு என்னுது, கம்ப்யூட்டருது இல்ல" என்று அவர் வாயால் வரும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதே.

அந்த வார்த்தை வந்துவிட்டால் உடனே சாப்பாடு போடு. நேற்று மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாரதாமணி